நாய்க்குட்டிக்கு என்ஜின் எண்ணெயா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனவரி மாதம், எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூருக்குச் சென்றிருந்தேன். மூன்றாம் நாள் காலை, பனி விலகாத நேரம். ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன், தன் நாய்க்குட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று மாதக் குட்டி. காது விளிம்பிலும் முழங்கால் மடிப்பிலும் முடி கொட்டி, தோல் தடித்துச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. ஒரு நிமிடம்கூடச் சொறியாமல் இருக்க அதனால் முடியவில்லை.

அவனுடைய மற்றொரு கையில் ஒரு புட்டி. அதில் கறுப்பான திரவம்.

"டிராக்டர்ல வடிச்ச பழைய ஆயிலு சார். இதத் தடவுனா சொறி போயிடும்னு சொல்றாங்க. உடம்பு முழுக்கத் தடவலாமா?"

"யார் சொன்னது?" என்றேன்.

"எல்லாரும்தான் சார். போன குட்டிக்கும் இதத்தான் தடவுனோம். ரெண்டு நாள்ல செத்துப் போச்சு. சொறி முத்திப் போச்சுன்னு அப்பா சொன்னாரு."

முதல் குட்டியைக் கொன்றது சொறியா, எண்ணெயா? இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியே அங்கு யாருக்கும் எழவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. நான் கால்நடை மருத்துவன் அல்லன், இயற்பியல் ஆசிரியன். 'தடவாதே' என்று மட்டும் சொன்னால் அது கட்டளை. ஏன் தடவக்கூடாது என்று சொன்னால்தான் அது அறிவியல். ஆகவே அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

நாய்க்குச் சொறி வருவது 'சூடு' பிடித்ததாலோ, கெட்ட இரத்தத்தாலோ அன்று. பெரும்பாலும் அதற்குக் காரணம் சிற்றுண்ணி என்னும் எட்டுக்கால் உயிர். மாட்டின் காதில் நாம் பார்க்கும் உண்ணிக்கும் சிலந்திக்கும் இது உறவு. நாயைத் தாக்கும் சிற்றுண்ணிகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது சார்காப்டஸ். இதன் பெண் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். தோலின் மேலடுக்கைக் குடைந்து சுரங்கம் அமைத்து, அதற்குள் முட்டையிடும். முட்டை வளர்ந்து முதிர்ந்த சிற்றுண்ணியாக இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். இது நாய்க்கு நாய் எளிதில் தொற்றும். குட்டியைக் கொஞ்சும் நமக்கும் தற்காலிகமாக அரிப்பைத் தரும். நாயை விட்டு உதிர்ந்தபின், வெப்பமான உலர்ந்த இடத்தைவிடக் குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் கூடுதல் நாட்கள் உயிரோடிருக்கும். மலை ஊர்களில் சாக்குப் படுக்கையையும் கவனிக்க வேண்டிய காரணம் இதுதான்.

இரண்டாவது டெமோடெக்ஸ். சுருட்டு வடிவம் கொண்ட இது மயிர்க்கால்களுக்குள் வாழ்கிறது. பிறந்த சில நாட்களில் பால் குடிக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடுகிறது. நலமான நாயின் தோலிலும் இது சிறிதளவு உண்டு. குட்டியின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது பெருகி, முடியை உதிர்க்கிறது. ஓரிரு இடங்களில் மட்டும் முடி கொட்டிய குட்டிகள் பெரும்பாலும் தாமாகவே குணமடைந்துவிடும்.

இங்கேதான் எண்ணெயின் 'புகழ்' பிறக்கிறது! தானாக ஆறப்போகும் குட்டிக்கு ஒருவர் கறுப்பு எண்ணெய் தடவுகிறார். மாதம் கழித்து முடி முளைக்கிறது. பெயர் எண்ணெய்க்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! எண்ணெய் தடவிச் செத்த குட்டியின் கதையையோ யாரும் எண்ணெயின் கணக்கில் எழுதுவதில்லை. பலித்ததை எண்ணி, பலிக்காததை மறப்பது மூடநம்பிக்கை. இரண்டையும் எண்ணுவது அறிவியல்.

என்ஜினில் உழைத்துத் தேய்ந்த எண்ணெயில் நச்சு ஹைட்ரோகார்பன்களும் உலோகத் துகள்களும் கலந்திருக்கின்றன. நாய் தன் உடலை நக்கும். எண்ணெய் வயிற்றுக்குப் போகும். புண்பட்ட தோல் வழியாகவும் உள்ளே செல்லும். அதிலும் பெரிய நாயைவிடக் குட்டிக்கே ஆபத்து அதிகம். ஏன்? ஒரு சிறு கணக்கு. 24 கிலோ எடையுள்ள நாயும் 3 கிலோ எடையுள்ள குட்டியும் ஒரே வடிவம் உடையவை என்று கொள்வோம். எடை 8 மடங்கு என்றால் நீளம் 2 மடங்கு. தோலின் பரப்பு 4 மடங்கு. அதாவது 8 மடங்கு எடைக்கு 4 மடங்கு தோல்தான் பெரிய நாய்க்கு உண்டு. கிலோவுக்கு இவ்வளவு தோல் என்று பார்த்தால் குட்டிக்கு இரட்டிப்பு! உடல் முழுதும் தடவினால் ஒவ்வொரு கிலோ உடலும் ஏற்கும் நஞ்சும் இரட்டிப்பு.

அதே கணக்குத்தான் குளிருக்கும். கூடுதல் பரப்பு என்றால் கூடுதல் வெப்ப இழப்பு. முடிகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றுதான் நாயின் கம்பளி. எண்ணெயில் முடி ஒட்டிப்போனால் அந்தக் காற்று வெளியேறிவிடும். கல்வராயன் மலையின் சனவரி இரவில், எண்ணெயில் நனைந்த குட்டி எப்படித் தாங்கும்?

"அப்படியென்றால் மாட்டுக்குப் போடும் ஊசியைப் போடலாமா?" என்றார் அருகிலிருந்த பெரியவர். நல்ல கேள்வி. அவர் குறிப்பிட்டது ஐவர்மெக்டின் என்னும் மருந்தை. ஜப்பானின் கவானா பகுதி மண்ணில் சத்தோசி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது அது. அவருக்கும் வில்லியம் கேம்ப்பெல் என்ற அறிஞருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான மருந்துதான். ஆனால் மாட்டுக்கான 1 சதவீத ஊசி மருந்தில் 1 மில்லிலிட்டர் என்பது 50 கிலோ எடைக்குக் கணக்கிட்ட அளவு. அதையே 3 கிலோ குட்டிக்குப் போட்டால் 16 மடங்குக்கும் மேல் ஆகிவிடும். நடை தள்ளாடும், உடல் நடுங்கும், உயிரே போகலாம். காலி முதலிய சில நாய் இனங்களில், பரம்பரைக் கூறு ஒன்றின் காரணமாக, சொறிக்குத் தரும் வழக்கமான அளவே நஞ்சாகிவிடுகிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே நிற்பது தராசு. இன்று பாதுகாப்பான வேறு மாத்திரைகளும் உள்ளன. அவற்றையும் குட்டியின் வயதும் எடையும் பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும்.

எனவே என் கருத்து இதுதான்: முதலில் பார், பிறகு மருந்து போடு. 1687இல் இத்தாலியைச் சேர்ந்த பொனோமோவும் செஸ்டோனியும் நுண்ணோக்கியில் பார்த்தே மனிதச் சொறியின் காரணம் சிற்றுண்ணி என்று காட்டினார்கள். 300 ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் பார்க்காமலே தடவிக்கொண்டிருப்பது முறையா? தோலை இலேசாகச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெயோடு கண்ணாடித் தகட்டில் வைத்தால், நம் பள்ளிகளிலுள்ள சாதாரண நுண்ணோக்கியே போதும். சுரண்ட வேண்டியவர் மருத்துவர். பார்க்க வேண்டியவர்கள் நாம் எல்லோரும். சார்காப்டஸ் சில வேளை கண்ணில் படாமலும் போகும். அப்போது மற்ற அறிகுறிகளைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார். முடி கொட்டுவதற்குப் பூஞ்சையும் தெள்ளுப்பூச்சியும்கூடக் காரணமாகலாம் என்பதால், பார்ப்பது இன்னும் அவசியமாகிறது.

மலையிலுள்ள ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஒரு நுண்ணோக்கி இருக்க வேண்டும். பள்ளி நுண்ணோக்கிகளும் பூட்டிய அலமாரியிலிருந்து வெளியே வரவேண்டும். சாமைக் கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கும் நாய்க்கு இவ்வளவுகூடச் செய்யக்கூடாதா? நாய்க்கு மருத்துவமா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தப் பையனின் முன்கையிலும் சிவந்த தடிப்புகள் இருந்தன.

மறுநாள் குட்டியை அரசுக் கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் சென்றோம். மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்த தகட்டை, எங்கள் முகாமுக்குக் கொண்டுவந்திருந்த நுண்ணோக்கியில் வைத்தார். பையன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். நெடுநேரம் நிமிரவில்லை.

"நடக்குது சார்!" என்றான்.

மருத்துவர் குட்டியை எடை போட்டு மருந்து தந்தார். வீட்டிலுள்ள மற்ற நாயையும் அழைத்துவரச் சொன்னார். சாக்கை எரித்துவிடச் சொன்னார். பையனைக் கைத் தடிப்புக்காக ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி மலையேறியபோது, குட்டியின் காதில் முடி முளைத்திருந்தது. அந்தக் கறுப்புப் புட்டியைப் பற்றிக் கேட்டேன். வண்டி அச்சுக்கு ஊற்றிவிட்டானாம்.

எண்ணெய் சேர வேண்டிய இடம் அதுதானே!