ஓடும்போது மயக்கமா? ஈசிஜி மட்டும் போதாது

"காலையில சாப்பிடல, வெயில் வேற" - திடலில் ஒருவர் மயங்கி விழுந்தால் நாம் சொல்லும் முதல் காரணம் இதுதான். ஆனால், வரிசையில் நிற்கும்போது வரும் மயக்கம் வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும் மயக்கம் வேறு. இரண்டாவதை அலட்சியப்படுத்தாதீர்கள். அதற்குப் பின்னால் இரண்டு இருதயக் கோளாறுகள் இருக்கலாம்.

தசை தடித்தால்?

ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்பது இருதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய். சுமார் 500 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோரில் ஒருவரிடம் இதற்கான மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு. 2003-இல் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கு இருந்தது இதுவே.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இருதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம், தெற்காசியர்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதை ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர் தங்கராஜ் இடம்பெற்ற குழு 2009-இல் வெளியிட்டது. அது மட்டும் இருந்தால் முதலில் நினைத்த அளவு ஆபத்தில்லை என்கின்றன பிந்திய ஆய்வுகள். ஆகவே பயம் வேண்டாம், கவனம் போதும்.

குழாய் இடம் மாறினால்?

இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி தமனி, சிலருக்குப் பிறவியிலேயே தவறான இடத்தில் கிளம்பும். பெரும்பாலும் தீங்கில்லை. சில வகைகளில் மட்டும், ஓடும்போது ரத்த ஓட்டம் தடைபடும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் இடது கொரோனரி தமனியே இல்லாமல் பிறந்தவர். 1988-இல், 40 வயதில், ஆடிக்கொண்டிருந்தபோது இறந்தார்.

இரண்டும் ஒருவருக்கே வருமா?

அரிது, ஆனால் வரும். தடித்த தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும்; அதைக் கொண்டுவரும் குழாயிலேயே கோளாறு. சிக்கல் என்னவென்றால், தசை நோயை ஈசிஜி பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்; குழாய்க் கோளாறு உள்ளவருக்கு ஓய்வில் எடுக்கும் ஈசிஜி சரியாகவே இருக்கலாம். தசையைப் பார்க்க எக்கோ, குழாயைப் பார்க்க சிடி ஸ்கேன். ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்தக்கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பாட்டியிடம் கேளுங்கள். "பால் மரம் வெட்டப் போன இடத்துல விழுந்தாரு", "தூக்கத்துலயே போயிட்டாரு" என்று தோட்டத்துக் குடும்பங்களில் சொல்லப்படும் இளவயது மரணங்கள் முக்கியமான தகவல். தோட்டத்தை விட்டுச் சொந்தங்கள் சிதறியபோது அந்த நினைவுகளும் சிதறிவிட்டன.

சிலிம் ரிவரில் இருப்பவர்கள் அங்குள்ள அரசாங்க மருத்துவமனைக்குப் போய், ஓடும்போது மயங்கியதையும் குடும்பத்தில் நடந்த திடீர் மரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை விளையாட்டு வேண்டாம்.

யாராவது விழுந்து, சரியாக மூச்சு விடவில்லையா? 999-ஐ அழைத்து, உடனே சிபிஆர் தொடங்குங்கள்.