முதலில் எண்ணுங்கள்

என் மாமாவுக்குச் சிறுமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். போன ஐப்பசியில், கதிர் பால் பிடிக்கும் நேரம், ஒரே ராத்திரியில் வரப்போரம் பத்துச் சால் படுத்துவிட்டது. நாகல் நகரில் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு விடிகாலையில் போன். "மாப்ள, பன்னி பூந்துருச்சுடா. நீ கம்ப்யூட்டர் பாக்குறவன்தான, ஏதாச்சும் பண்ணு." நான் பண்ணியது ஒன்றுதான். ஆன்லைனில் ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ட்ரெயில் கேமரா வாங்கினேன்.

டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. எட்டு பென்சில் பேட்டரி, ஒரு மெமரி கார்டு. சூடுள்ள உடம்பு எதிரே நகர்ந்தால் விழித்துக்கொண்டு படம் எடுக்கும். இருட்டில் அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும். அமெரிக்காவில் பொதுக் காடுகளில் வேட்டைக்காரர்கள் இதை மரத்தில் கட்டி, பன்றி எந்த வழியில் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு துப்பாக்கியோடு போவார்கள். அந்த வீடியோக்கள் நம்மூர் வாட்ஸாப் குழுக்களிலும் சுற்றுகின்றன, 'நம்ம கவர்மெண்டு மட்டும் விட்டா' என்ற ஏக்கத்தோடு. அந்த ஏக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. பன்றிக்குக் கண்ணீர்க் குறி போட்டுவிட்டு, மாமாவின் சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத என் நண்பர்களோடும் அதே சண்டைதான்.

முதல் வாரம் மானம் போயிற்று. கேமராவைக் கிழக்கே பார்த்து வைத்துவிட்டேன். காலை வெயிலும் காற்றில் ஆடும் தோகையும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் படம், அத்தனையும் தோகை. "நல்லா இருக்குடா, சோளத்துக்குக் கல்யாண ஆல்பம் போட்டுட்ட" என்றார் மாமா. பிறகு வடக்கே திருப்பி, முழங்கால் உயரத்துக்கு இறக்கி, வேலி விட்டுப்போன இடத்தைப் பார்த்துக் கட்டினேன்.

பன்னிரண்டு ராத்திரி. பன்றி வந்தது ஐந்து ராத்திரிதான். நாலு ராத்திரி வந்தது ஒரே கூட்டம்: இரண்டு பெட்டை, ஏழு குட்டி. பெட்டைகளில் ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது, அதனால் அடையாளம் தெரிந்தது. மிச்ச ஒரு ராத்திரி தனிக் கடுவன் ஒன்று. இன்னும் மூன்று ராத்திரி வந்தது முள்ளம்பன்றி. தட்டையை அடியோடு அறுத்துச் சாய்த்தது அது. ஒருநாள் வந்தது பக்கத்துக் காட்டுக்காரர் மாடு. அதுவரை மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு, "நாப்பது அம்பது பன்னி இருக்கும்டா."

மாமாவைக் குறை சொல்லவில்லை. தூக்கமில்லாமல் தகரம் தட்டிக்கொண்டிருப்பவனுக்கு இருட்டு முழுக்கப் பன்றியாகத்தான் தெரியும். நான் கேட்பது, அரசாங்கத்திடம் மட்டும் வேறு கணக்கு இருக்கிறதா என்பது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு மேல் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது. கோடு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிகம் அடிபடுவது மலையை ஒட்டி இருக்கிற காடுகரைதான். மாமாவின் தோட்டம் முதல் கிலோமீட்டருக்குள் வருகிறது. அவருக்கு அந்த ஆணை ஒரு செய்தித்தாள் துணுக்கு, அவ்வளவே.

சுடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022-இல் கேரளம் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. ஆனால் சுடப்போகிறவன் கண்ணில் முதலில் படுவது எது? பெரும்பாலும் பெரிய தனிக் கடுவன். தந்தத்தோடு போட்டோவுக்கும் அதுதான் எடுப்பாக இருக்கும். இனம் பெருகுவது பெட்டைகளின் கூட்டத்தில். நாலு மாதத்துக்கும் குறைவான சினை, ஒரு ஈட்டுக்கு நாலைந்து குட்டி. கடுவன் ஒன்றைச் சாய்த்தால் அடுத்த போகத்துக்குள் அந்த இடம் நிரம்பிவிடும். கூட்டத்தின் நடுவே வெடித்தாலோ, மிச்சம் சிதறி இன்னும் நாலு தோட்டத்துக்குள் போகும். வீடியோவில் நாம் ஏங்குகிற அமெரிக்காவிலேயே, மிசௌரி மாநிலம் 2016-இல் தன் இயற்கைவளப் பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்தது. பன்றி மேல் இரக்கத்தால் இல்லை. அங்கே அது வெளியிலிருந்து வந்த விலங்கு, ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்பதுதான் திட்டம். வேட்டைக்காரர்கள் கூட்டத்தைக் கலைத்துவிடுவதால் மொத்தமாகப் பிடிக்க முடியவில்லை என்றார்கள். அவர்கள் கேமரா வைத்துக் கூட்டத்தை எண்ணி, அத்தனையும் பட்டிக்குள் வந்த பிறகே கதவைப் போடுகிறார்கள். அழிக்க நினைக்கிறவனே முதலில் எண்ணுகிறான். நம் மண்ணின் விலங்கை, 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிற விலங்கை, நாம் எண்ணாமலே சுடக் கிளம்புகிறோம்.

எண்ணாத இருட்டில் என்ன நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கரண்டுக் கம்பி. அவுட்டுக்காய். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில், பன்றிக்குப் போட்ட திருட்டு மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. 2022-இல் பாலக்காட்டில் அப்படிப்பட்ட கம்பிக்குப் பலியானவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். கம்பி ஆள் பார்க்காது. மாமாவும் ஒருநாள் கம்பிச் சுருள் வாங்க விலை விசாரித்திருக்கிறார். அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்போ கேமரா வைத்தால் தீர்ந்ததா? இல்லை. நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது நாள் கார்டில், விடியற்காலை ஐந்தேகாலுக்கு, ஒரு படம். பக்கத்துத் தெரு அக்கா, கையில் சொம்போடு. அடுத்த படத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. இரண்டையும் அழித்தேன். கை நடுங்கியது. அந்தக் கார்டு வேறொருத்தன் கையில் கிடைத்திருந்தால்? உத்தரகாண்டில் அதுதான் நடந்தது. கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றி 270 பேரிடம் பேசி எழுதிய கேம்பிரிட்ஜ் ஆய்வு 2024-இல் வந்தது. விலங்குக்காக வைத்த கேமராவில் சிக்கிய ஒரு பெண்ணின் படத்தை உள்ளூர் ஆண்கள் குழுக்களில் பரப்பியிருக்கிறார்கள். விறகுக்குப் போகும் பெண்கள் கேமராவுக்குப் பயந்து பாடுவதை, சத்தமாகப் பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சத்தம்தான் புலியை விலக்கி வைத்திருந்தது.

அதனால் கேமரா காட்டுக்குள், அதிகாரியின் சாவியில் இருக்கக்கூடாது. தோட்டத்து வரப்பில், உள்பக்கம் பயிரைப் பார்த்து இருக்கட்டும். இந்த இடத்தில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியட்டும். கார்டு விவசாயி கையில் இருக்கட்டும். ஊராட்சிக்குப் பத்துக் கேமரா என்பது ஒரு மேடைப் பந்தல் செலவுகூட இல்லை. ஒரு போகம் முழுக்க எண்ணிவிட்டு, எங்கே வேலி, எங்கே பட்டி, எங்கே துப்பாக்கி என்று பேசலாம்.

மாமா அந்தப் படங்களைப் பிரிண்ட் போட்டு, நஷ்டஈட்டு மனுவோடு ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். "போட்டோல்லாம் யாரு கேட்டா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கிழிக்காமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

கேமரா இன்னும் வேம்பில்தான் இருக்கிறது. கார்டை இப்போது அவரே கழற்றுகிறார், வேறு யாரையும் தொடவிடுவதில்லை. நேற்று ராத்திரி போன் பண்ணினார். "மாப்ள, அந்தக் காது கிழிஞ்சது மூணு நாளா வரலடா. குட்டிங்க மட்டும் வருதுங்க."