மழலைக்கு விலங்கு பூட்டாதீர்!

தமிழீர்!

மூன்று அகவைக் குழந்தைக்குக் கழுத்துப்பட்டை கட்டிக் காலணி மாட்டி, தூக்கம் தெளியுமுன்னே ஊர்தியில் திணித்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அதனைக் கல்வி என்று கூறிக்கொள்ளும் மடமை தமிழ்நாட்டின் தெருதோறும் மலிந்துவிட்டது. அக்குழந்தை அங்கே செய்வதென்ன? கைகட்டி வாய்பொத்தி அமர்கின்றது. பொருள் விளங்காத பாட்டை நெட்டுருச் செய்து ஒப்பிக்கின்றது. தாயிடம் நாளெல்லாம் நூறு வினாத் தொடுத்த நா, அங்கே ஒரு வினாவும் தொடுக்க இயலாமல் ஒடுங்குகின்றது. பெற்ற பிள்ளையின் வாயைப் பூட்டுவதற்குப் பெற்றோரே பணமும் கட்டுகின்றனர்!

இதில் நகைப்பிற்குரியது ஒன்றுண்டு. 'எல்.கே.சி.' என்று பெருமிதத்தோடு மொழிகின்றார்களே, அதன் பின்னிரண்டு எழுத்துகளும் ஆங்கிலச் சொல்லுக்குரியனவே அல்ல. 'கிண்டர்கார்ட்டன்' என்னும் செருமானியச் சொல்லின் சுருக்கம் அவை. பிரோபல் என்னும் செருமானியப் பேரறிஞர் 1837-இல் பிளாங்கன்பர்க்கு என்னும் சிறுநகரில் மழலையர்க்கென ஓரிடம் அமைத்தார். 1840-இல் அதற்குத் தம் தாய்மொழியில் 'குழந்தைகள் தோட்டம்' என்று பெயர் சூட்டினார். பந்தும் மரக்கட்டையும் பாட்டும் தோட்டப் பாத்தியுமே அவர் தந்த பாடநூல்கள். நம்மவரோ தோட்டத்தை எறிந்துவிட்டுப் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் பொறுக்கிக்கொண்டனர்.

1907-இல் உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியதும் எங்கே? உழைப்பாளிக் குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குக் கட்டடத்திற்குள்ளேயே! குழந்தைகள் நீர் ஊற்றினர், துணி மடித்தனர், எழுத்தின் வடிவை விரலால் தடவி அறிந்தனர். அவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கினார். இன்றோ அவர் பெயர் பள்ளி வாயிலில் தொங்க, உள்ளே நெட்டுரு ஆட்சி செய்கின்றது.

மழலைக் கல்வியின் அடிப்படைகள் இரண்டே என்க. குழந்தை தன் கையால் செய்து கற்றல் வேண்டும். குழந்தையைச் சூழ்ந்த மக்கள் அக்கல்வியைத் தம்முடையதாக ஏற்று நடத்தல் வேண்டும். இவ்விரண்டும் தாய்மொழியின்றி நடவா. பல்லாங்குழியில் புளியங்கொட்டை இடும் குழந்தை, "எனக்கு மட்டும் ஏன் ஒன்று குறைகிறது?" என்று கேட்கும் நொடியில்தான் கணக்குப் பிறக்கின்றது. அவ்வினா எம்மொழியில் எழும்? கனவு காணும் மொழியிலன்றோ எழும்! அம்மொழியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டால், கை ஆடும்; அறிவு ஆடாது.

நமக்கு இடமில்லையா? உண்டு. 1975-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மழலை நடுவங்கள் உள்ளன. அங்கன்வாடி என்னும் வடபுலப் பெயரைச் சுமந்து நிற்பினும், அதன் பொருள் முற்றம் என்பதே. ஊரின் முற்றமாக இருக்கவேண்டிய அதனைச் சோறிடும் கூடமாக மட்டுமே மக்கள் எண்ணிவிட்டனர். எடை பார்த்தல், உணவளித்தல், ஏடுகளை நிரப்புதல் என அத்தனையையும் ஒரு பணியாளர் தலையிலும் ஓர் உதவியாளர் தோளிலும் ஏற்றிவிட்டால், அப்பெண்மணி விளையாட்டுக் கல்வியை எந்நேரத்தில் நடத்துவார்?

அரசு செய்ததென்ன? முற்றத்தைச் செப்பம் செய்வதற்கு மாறாக, 2019 சனவரியில் 2,381 நடுவங்களில் 'எல்.கே.சி., யூ.கே.சி.' வகுப்புகளைத் திறந்தது. தனியார் கடையின் பெயர்ப்பலகையை அரசே தன் வாயிலில் மாட்டியது! 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமோ 6 முதல் 14 அகவை வரைதான் உரிமை பேசுகின்றது. ஆயினும் அச்சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டின்வழி, தனியார் பள்ளியின் மழலை வகுப்பில் சேரும் எளியோர் பிள்ளைகளுக்கான கட்டணம் பொதுப்பணத்திலிருந்து செல்கின்றது. ஊர் முற்றத்திற்கு ஒரு பானை மணலும் நான்கு மரப்பொம்மையும் வாங்க இல்லாத பணம், ஆங்கிலக் கடைக்கு மட்டும் எங்கிருந்து வருகின்றது?

நம்மவர்க்கும் ஒன்று சொல்வேன், சினவாது கேண்மின். மூன்று அகவைக் குழந்தையைப் பலகையில் அமர்த்திப் பிரம்பைக் காட்டி நெடுங்கணக்கை ஒப்பிக்கச் செய்தால், அது தமிழாக இருப்பதனால் மட்டும் கல்வியாகிவிடாது. நெட்டுரு எம்மொழியில் இருப்பினும் விலங்கே. இரும்பு விலங்கிற்குத் தமிழ்ப்பெயர் சூட்டினால் அது வளையலாகாது. பழைய திண்ணைப் பள்ளியை அப்படியே மீட்போம் என்பாரும் உளர். அத்திண்ணையில் பிரம்பும் இருந்தது. பலரை ஏறவிடாத சாதியும் இருந்தது. நாம் வேண்டுவது அத்திண்ணையன்று. ஊர்த்தெருக் குழந்தையும் சேரிக் குழந்தையும் ஒரே மணலில் வீடு கட்டி, ஒரே பானைச் சோற்றை உண்ணும் முற்றமே நாம் வேண்டுவது.

இஃது ஆகுமா என்று ஐயுறுவோர் நியூசீலாந்தின் மாவோரி மக்களைப் பார்க்க. 1970-களில் தம் குழந்தைகளின் நாவில் தாய்மொழி அருகிவிட்டதைக் கண்டு அம்மக்கள் நடுங்கினர். அழுதுகொண்டு அமரவில்லை. 1982-இல் வெல்லிங்டன் நகரை அடுத்து முதல் 'மொழிக்கூடு' திறந்தனர். மொழியறிந்த பாட்டன் பாட்டியர் குழந்தைகளோடு தரையில் அமர்ந்தனர்; பாடினர்; ஆடினர்; உணவு பகிர்ந்தனர்; எல்லாம் மாவோரி மொழியிலேயே. நடத்தியவர்கள் குடும்பத்தினர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அக்கூடுகள் 800 வரை பெருகின. அக்கூட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்காக 1985-இல் மாவோரிவழித் தொடக்கப்பள்ளி பிறந்தது; 1987-இல் அம்மொழி சட்டத்தில் ஆட்சிமொழி ஆயிற்று. எண்ணிக்கையில் சிறியதோர் இனம் பாட்டியின் மடியைப் பள்ளியாக்கி இத்தனையும் செய்தது. கோடிக்கணக்கில் வாழும் நாம் பாட்டியை வீட்டிற்குக் காவலாக்கிவிட்டுப் பேரனைக் கடைக்கு அனுப்புகின்றோம்.

"ஆங்கிலமின்றிப் பிழைப்பெங்கே?" என்பார் உளர். ஆங்கிலம் கற்க வேண்டா என்று யாம் கூறவில்லை. வேர்விட்ட மரத்தில்தான் ஒட்டுப்போட இயலும். முதன்மொழியில் எண்ணவும் வினவவும் பழகிய பிள்ளை, உரிய அகவையில் எம்மொழியையும் கற்கும். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் யான். மழலையிலேயே ஆங்கிலவழியில் தள்ளப்பட்டு, இரு மொழியிலும் ஒரு பத்தி எழுதமாட்டாது விழிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றேன். அப்பிள்ளைகள் மேல் குற்றமில்லை.

எனவே, தமிழ்ப் பெற்றோரே! மேடையில் தமிழ் வாழ்கவென முழங்கி, மறுநாட் காலை மகளை ஆங்கில ஊர்தியில் ஏற்றும் இரட்டை வாழ்வை இன்றே விடுமின். உங்கள் தெருவின் மழலை நடுவத்திற்குள் நுழைமின். கிழமைக்கு ஒரு நாள் பாட்டியொருவர் கதை சொல்லட்டும். குயவர் களிமண் பிசையக் கற்பிக்கட்டும். தச்சர் மரத்துண்டுகளை இழைத்துத் தரட்டும். இளைஞர் முற்றத்தில் நான்கு பாத்தி கட்டட்டும். பணியாளர்க்கு முறையான ஊதியமும், கற்பித்தலுக்கெனத் தனியாளும் கேட்டு ஊரவையில் தீர்மானம் இயற்றுமின். தமிழில் பெயர் சூட்டியதோடு பெற்றோர் கடன் முடிந்துவிடுவதில்லை. அப்பெயரைச் சொல்லி அழைக்கும் முற்றத்தையும் பிள்ளைக்குத் தருமின்!