வீடு இலவசமாம்! அப்போ சிமெண்டுக்கு வாங்கின 28 சதவீதம்?

கலைஞர் கனவு இல்லம் பற்றி எந்தப் பதிவு போட்டாலும் கீழே ஒரு கமெண்ட் தவறாம வந்துடுது: "எங்க வரிப்பணத்தை இலவசமா வாரி இறைக்கிறாங்க."

வாங்க, கணக்குப் போட்டே பேசுவோம். நான் சிவில் படிச்சவன், எஸ்டிமேட் போடத் தெரியும்.

ஒரு வீடு 360 சதுர அடி. அரசு தருவது 3.50 லட்சம். 2024-25க்கு அறிவிச்சது 1 லட்சம் வீடு, மொத்தம் 3,500 கோடி. இது யார் வீட்டுப் பீரோவுலயும் தூங்குற பணம் இல்லைங்க. வேலை நடக்க நடக்கத் தவணையாத்தான் வரும். வந்த வேகத்துல செங்கல் சூளை, கம்பிக் கடை, கொத்தனார், சித்தாள்னு பிரிஞ்சு போயிடும். சித்தாள் அக்கா வாங்குற கூலி அன்னைக்குச் சாயங்காலமே உள்ளூர் மளிகைக் கடைக்கு வந்துடும். ஜிடிபி கணக்குலயே புது வீட்டை மூலதன உருவாக்கம்னுதான் எழுதுறாங்க. அதாவது முதலீடு. இலவசம்னு ஒரு கலமே அதுல கிடையாது!

சரி, ஒன்றிய அரசு என்ன கிழிச்சுது?

பிரதமர் பேர்ல இருக்கிற கிராமப்புற வீட்டுத் திட்டத்துல சமவெளிக்கு 1.20 லட்சம். 2016ல நிர்ணயிச்ச தொகை. 2024ல இன்னும் 5 வருஷத்துக்கு நீட்டிச்சாங்களே, அப்பவும் அதே 1.20 லட்சம்! கம்பி விலை, மணல் விலை எதுவும் டெல்லிக்குத் தெரியாது போல. அதுலயும் ஒன்றியத்தின் பங்கு 72,000 மட்டும். மீதி 48,000 மாநிலத்தோடது. இதை வெச்சு கான்கிரீட் கூரை போட முடியாதுன்னு கூடுதலா 1.20 லட்சம் தர்றதும் நாமதான். ஆக, 1,68,000 குடுக்கிறது தமிழ்நாடு, பேர் மட்டும் பிரதமருக்கு.

இன்னொரு பக்கம் சிமெண்ட். 2017 ஜூலையில இருந்து 2025 செப்டம்பர் வரைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. சொகுசு காருக்குப் போட்ட அதே அடுக்கு! இந்த அளவு வீட்டுக்குத் தோராயமா 150 மூட்டை ஆகும். மூட்டைக்கு 75 ரூபாய் வரின்னு வெச்சாலே 11,000 தாண்டுது. குடிசையில இருந்து வெளிய வர்றவன்கிட்ட வாங்கின வரி இது.

"பாதி வரி மாநிலத்துக்குத்தானே வந்துச்சு"ம்பாங்க. வந்துச்சு, மறுக்கலை. ஆனா ஜிஎஸ்டி கவுன்சில்ல ஒன்றியத்துக்கு மட்டும் மூணுல ஒரு பங்கு ஓட்டு. முடிவெடுக்க நாலுல மூணு பங்கு வேணும். அவங்க தலையாட்டாம ஒரு சதவீதம்கூடக் குறையாது. 8 வருஷம் உக்காந்திருந்துட்டு 18 ஆக்கினதும் அதையே பரிசுன்னு போஸ்டர் அடிச்சாங்க பாருங்க, அதான் இவங்க திறமை.

அடுத்த தடவை எவனாச்சும் இலவசம்னு கமெண்ட் போட்டா திட்ட வேண்டாம். 72,000ல ஒரு வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

#குடிசையில்லாத்தமிழ்நாடு