விவாத மேடையில் இடம்பெறாத கல்லூரிக் கட்டணம்

அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதங்களை எடிசன் நகரத் தமிழ் இல்லங்களில் இரு தலைமுறையினர் ஒரே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து இரு வேறு நோக்கில் பார்க்கின்றனர். வரி பற்றியும் விசா பற்றியும் வேட்பாளர்கள் என்ன கூறுகின்றனர் என்று பெற்றோர் செவிமடுக்கின்றனர். உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில் பயிலும் பிள்ளையோ, அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற ஒரே கேள்விக்கு விடை தேடுகிறார். 2024ஆம் ஆண்டின் இரு அதிபர் விவாதங்களிலும் நடுவர்கள் அக்கேள்வியை எழுப்பவே இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2008 அக்டோபர் 15 அன்று லாங் ஐலண்டின் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற விவாதத்தின் கடைசிக் கேள்வி கல்வி பற்றியது. சமூக சேவை செய்யும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் கட்டணச் சலுகை என்று ஒபாமா அங்கு கூறினார். 2012 அக்டோபர் 16 அன்று அதே பல்கலைக்கழகத்தில் முதல் கேள்வியைக் கேட்டவரே 20 வயதுக் கல்லூரி மாணவர். படித்து முடித்தபின் சொந்தக் காலில் நிற்க முடியும் என்று தனக்கும், அதைவிட முக்கியமாகத் தன் பெற்றோருக்கும் என்ன உறுதி அளிக்கிறீர்கள் என்பது அவரது கேள்வி. எந்தத் தமிழ் வீட்டுப் பிள்ளையும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது! ராம்னி வேலை கிடைக்கச் செய்வேன் என்றார். ஒபாமா உற்பத்தித் தொழில்களைப் பற்றிப் பேசினார். விடைகள் சாதாரணமானவையே. ஆயினும் கேட்பதற்கு மாணவருக்கு அரங்கில் ஓர் இருக்கை இருந்தது.

2024இல் அந்த இருக்கை பறிபோனது. டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம், வர்ஜீனியா மாநிலப் பல்கலைக்கழகம், யூட்டா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் அதிபர் விவாதங்களும், நியூ ஜெர்சி எல்லையை ஒட்டிய ஈஸ்டன் நகரின் லஃபாயெட் கல்லூரியில் துணை அதிபர் விவாதமும் நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தன. இரு கட்சிகளும் விவாத ஆணையத்தைப் புறக்கணித்துத் தொலைக்காட்சி நிறுவனங்களுடன் நேரடியாக உடன்பாடு செய்துகொண்டதால் அவை யாவும் கைவிடப்பட்டன. ஜூன் 27 அன்று அட்லாண்டாவிலும் செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவிலும் பார்வையாளரே இல்லாத அரங்குகளில் விவாதங்கள் நடந்தேறின. பிலடெல்பியாவில் மாணவர் கடன் தள்ளுபடியைப் பற்றி டிரம்ப் போகிற போக்கில் குத்திக் காட்டியதோடு சரி. (பைடனின் அத்தள்ளுபடித் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 30 அன்றே செல்லாது என்று அறிவித்திருந்தது.)

மேடையில் பேசப்படாவிட்டாலும், முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. அவற்றுள் எடிசன் போன்ற ஊரை நேரடியாகத் தாக்கியது, பலரும் கவனியாத ஒரு மாற்றம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் பயின்றால், பெற்றோர் செலுத்த வேண்டியதாகக் கணக்கிடப்படும் தொகை முன்னர் அவர்களிடையே பிரிக்கப்பட்டது. ஃபாஃப்சா உதவி விண்ணப்பத்தை எளிமையாக்குவதாகக் கூறி 2020 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் 2024-25 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவினை நீங்கியது. டிரம்ப் காலத்தில் இயற்றப்பட்டு, பைடன் காலத்தில் அமலான சட்டம் இது. மூத்த மகளும் இளைய மகனும் ஒருசேரக் கல்லூரியில் இருக்கும் நடுத்தர வருவாய்க் குடும்பத்தில், கூடியது வருமானமல்ல, கணக்கு மட்டுமே.

தேர்தல் முடிந்தபின் வந்தது அடுத்த மாற்றம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், பெற்றோர் பெறும் 'பேரன்ட் ப்ளஸ்' கடனுக்குப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என வரம்பு விதித்தது. முன்னர் கல்லூரிச் செலவு முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்கு அக்கடனைப் பெற இயன்றது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு இவ்வரம்பு. பட்ட மேற்படிப்புக்கான 'கிராட் ப்ளஸ்' கடனும் புதியவர்களுக்கு இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மொத்தம் 2,00,000 டாலர் வரையே கூட்டரசு கடன் தரும். நான்காண்டு மருத்துவப் படிப்பு பல கல்லூரிகளில் இதனைத் தாண்டிவிடுகிறது. மகனை மருத்துவராக்கும் கனவை அவன் பிறந்த நாள் முதலே சுமந்துவரும் பெற்றோர், இவ்வெண்ணை அவன் பள்ளியில் இருக்கும்போதே அறிந்திருப்பது நலம். எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடன்தான் வழி. அதற்குப் பெரும்பாலும் பெற்றோரே உடன் கையொப்பமிட நேரும்.

இந்த வரம்புக்கும் வெளியே நிற்போர் உண்டு. பச்சை அட்டைக்காகப் பல்லாண்டு காத்திருக்கும் எச்-1பி ஊழியர்களின் பிள்ளைகள் எச்-4 நிலையில் இருக்கும்வரை கூட்டரசின் கல்வி உதவியோ கடனோ பெற இயலாது. 21 வயதில் அந்த நிலையும் முடிந்துவிடும். மழலையர் பள்ளி முதல் எடிசனிலேயே பயின்ற பிள்ளை, வெளிநாட்டு மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வாக்குரிமையற்ற இவர்களின் துயரைத் தேர்தல் மேடைகள் பேசாததில் வியப்பில்லை. வாக்குரிமை பெற்ற தமிழர்களும் பேசாதிருப்பதே வருந்தத்தக்கது.

2025 அக்டோபர் 8 அன்று, எடிசனுக்கு அருகிலுள்ள நியூ பிரன்சுவிக்கில் ஆளுநர் வேட்பாளர்கள் மிக்கி ஷெரிலும் ஜாக் சிட்டரெல்லியும் மோதினர். மின்கட்டணமும் வரியும் தனிமனிதத் தாக்குதலும் அங்குப் பெரும்பங்கு பெற்றன. அதே ஊரிலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கான மாநில நிதி ட்ரென்டனில் ஆண்டுதோறும் முடிவாகிறது. எடிசனிலேயே அமைந்த மிடில்செக்ஸ் கல்லூரிக்கு மாநிலத்துடன் மாவட்ட நிர்வாகமும் நிதி தருகிறது. பள்ளி வகுப்பில் முதல் 15 விழுக்காட்டினருள் இடம்பெறும் மாணவர்க்கு, என்.ஜே. ஸ்டார்ஸ் திட்டத்தின்கீழ் இத்தகைய மாவட்டக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. அங்கு ஈராண்டில் பெறும் இணைப்பட்டம் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களின் முதல் ஈராண்டுகளுக்கு ஈடாகும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. இருந்தும், உறவினர் கூடும் விருந்தில் அக்கல்லூரியின் பெயரைச் சொல்லப் பல பெற்றோர் நாணுகின்றனர். இந்நாணத்தின் விலையைப் பிள்ளை முப்பது வயது தாண்டியும் மாதத் தவணையாகச் செலுத்த வேண்டுமா என்பது மாணவர் தரப்பின் கேள்வி. அதனை அதிபரிடம் கேட்க வேண்டியதில்லை, வீட்டிலேயே கேட்கலாம்.

பொதுத் தேர்தலுக்குள் 18 வயதை எட்டும் 17 வயதினர் கட்சிகளின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்க வழிசெய்யும் சட்டம் 2024 ஜனவரியில் நியூ ஜெர்சியில் கையெழுத்தாகி, 2026 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. குடியுரிமை பெற்ற தமிழ் மாணவர்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். வாக்குரிமை இல்லாதோருக்கும் ஒரு மேடை உண்டு. மிடில்செக்ஸ் மாவட்ட ஆணையர்களின் கூட்டங்களில் பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. அங்கு எழுந்து நின்று கல்லூரி நிதியைப் பற்றிக் கேட்க வாக்காளர் அட்டை தேவையில்லை.