சந்தா கட்டுபவர் தொழிலாளி. ஒப்பந்தம் போடுபவர் வேறு

டிராம்பேயில் ஒரே வாசல் வழியாக இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் நிரந்தர ஊழியர். மற்றவர் காண்டிராக்ட் தொழிலாளி. இருவருக்கும் நெஞ்சு வலி வந்தால் வலி ஒன்றுதான். ஆனால் போகும் ஆஸ்பத்திரி ஒன்றல்ல. எங்கே போவது, எதுவரை வைத்தியம் என்பதைத் தீர்மானிப்பது நோய் அல்ல. யாரோ யாருடனோ போட்ட ஒப்பந்தம்.

அணுசக்தித் துறை ஊழியருக்குச் சந்தா கட்டும் தனி மருத்துவத் திட்டம் உண்டு. அணுசக்தி நகரில் அதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது. காண்டிராக்டர் மூலம் வருபவர் அதில் சேர்ந்தவர் அல்ல. சீத்தா கேம்ப்பிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியிருக்கும் அப்படிப்பட்ட தமிழர்களுக்கு ஈ.எஸ்.ஐ.தான் துணை.

தலைக்கு இவ்வளவு

ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948ல் வந்தது. திட்டம் 1952ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1954ல் மும்பைக்கு வந்தது. இங்கே அமைந்தது "பேனல் டாக்டர்" முறை. டாக்டரின் பட்டியலில் எத்தனை தொழிலாளிகளோ, அத்தனை தலைக்கு இவ்வளவு என்று பணம். நோயாளி ஒருமுறை வந்தாலும் பத்துமுறை வந்தாலும் தொகை ஒன்றே.

இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. வேண்டாத ஊசி போட்டு டாக்டர் லாபம் பார்க்க முடியாது. ஆனால் வந்தவரை இரண்டு மாத்திரை கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடும் ஆசையும் எழும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரின்போது கைசர் கப்பல் தளத் தொழிலாளிகளுக்காக முன்பணச் சந்தாவில் வைத்தியம் நடந்தது. 1973ல் அதிபர் நிக்சன் இத்தகைய அமைப்புகளை வளர்க்கச் சட்டமே கொண்டுவந்தார். செலவைக் குறைக்க வந்த ஏற்பாடு, நாளடைவில் சிகிச்சைக்கு அனுமதி மறுக்கும் ஏற்பாடாகிவிட்டது என்று 1990களில் அங்கே மக்கள் கொதித்தார்கள்.

நோய்க்கு இவ்வளவு

இப்போது காற்று மாறி அடிக்கிறது. தலைக்கு இவ்வளவு என்பது போய், நோய்க்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம் பெருகுகிறது. இருதயம், புற்றுநோய் போன்ற பெரிய நோய்களுக்கு ஈ.எஸ்.ஐ.யே தனியார் ஆஸ்பத்திரிகளுடன் கட்டணம் பேசி நோயாளிகளை அனுப்புகிறது. மகாராஷ்டிர அரசு 2012ல் தொடங்கிய இலவச சிகிச்சைத் திட்டமும் இந்த வழியில் வந்ததே.

கட்டணத் தகராறு வந்தால் நசுங்குபவர் யார் என்பதை மும்பை 2010 ஜூலையில் பார்த்தது. அரசுத் துறை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நான்கும் தங்கள் கட்டணத்துக்கு ஒத்துவராத ஆஸ்பத்திரிகளில் ரொக்கமில்லா சிகிச்சையை நிறுத்தின. கையில் பாலிசி இருந்தும் நோயாளிகள் முன்பணம் தேடி அலைந்தார்கள்.

ஆபரேஷனுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் விழுங்கும் மாத்திரைக்கு? ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்ற திட்டத்தில் அதற்கு இடமில்லை. அந்த வகையில், குறைகள் இருந்தாலும், பழைய பேனல் டாக்டருக்கு மதிப்பு இன்னும் போகவில்லை.

காண்டிராக்டர் கட்டாவிட்டால்?

2019 ஜூலையில் ஈ.எஸ்.ஐ. சந்தா குறைக்கப்பட்டது. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்; முதலாளியின் பங்கு 3.25 சதவீதம் என்றாயிற்று. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்குப் பிடித்தம் சுமார் 113 ரூபாய். சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 15,000 ரூபாயிலிருந்து 21,000 ஆக உயர்த்தப்பட்டது. ஓவர்டைம் பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது.

பிடித்த பணத்தைக் காண்டிராக்டர் கட்டாமல் விட்டால்? சட்டத்தில் வழி இருக்கிறது. காண்டிராக்ட் தொழிலாளியின் சந்தாவையும் முதலில் கட்ட வேண்டியவர் மூல முதலாளி, அதாவது தொழிற்சாலைதான். பிறகு அதைக் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1948 சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு 2020ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றது.

ஆகவே இன்ஷூரன்ஸ் நம்பர் பதிவாகியிருக்கிறதா, குடும்பத்தார் பெயர் சேர்ந்திருக்கிறதா, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்துக்கொள்வது தொழிலாளிக்கு நல்லது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று தேடும் காரியம் அல்ல அது.

வரம்பைத் தாண்டியவருக்கும் கூலி வேலைக்காரருக்கும் மாநிலத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று 2023ல் மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. ஆனால் அதற்கு இந்த மாநில ரேஷன் கார்டோ, குடியிருப்புச் சான்றோ வேண்டும். திருநெல்வேலி கார்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு டிராம்பேயில் முப்பது வருஷம் உழைத்தவர், ஊர்த் திட்டத்துக்கும் தூரம், இந்தத் திட்டத்துக்கும் அந்நியர்.

ஒப்பந்தங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பேசுகிறவர்கள் அரசும் கம்பெனியும் ஆஸ்பத்திரியும். பணம் கொடுக்கும் தொழிலாளிக்கு அந்த மேஜையில் நாற்காலி இல்லை. நாற்காலி கேட்க வேண்டியது தொழிற்சங்கங்களின் கடமை. கார்டைச் சரிபார்த்து வைப்பது தொழிலாளியின் கடமை. இரண்டும் நடக்காவிட்டால், சட்டத்தில் உள்ள உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான், கறிக்கு உதவாது.