டூரிங் சைக்கிளுக்கு இஎம்ஐ போடாதீங்க, பின் வீலுக்குக் காசு போடுங்க

வீடியோல பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியாத விஷயம் இது, அதனால எழுத்துல. விலை எல்லாம் நான் காஞ்சிபுரத்துலயும் சென்னையிலயும் விசாரிச்சது. உங்க ஊர்ல நூறு இருநூறு முன்னப்பின்ன இருக்கும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போற தம்பிங்க, தறி வீட்டுப் பசங்கன்னு நம்ம ஊர்ல இப்ப நிறைய பேருக்கு ஒரு ஆசை வந்திருக்கு. சைக்கிள்லயே கன்னியாகுமரி போகணும். எழுநூறு கிலோமீட்டர் பக்கம் வரும். நல்ல ஆசைதான், கண்டிப்பா போங்க. ஆனா அந்த ஆசை வந்த மறுநாளே ஷோரூம்ல நின்னு, 84,000 ரூபாய் சைக்கிளுக்கு "மாசம் ஏழாயிரம்தானே"ன்னு கையெழுத்துப் போடறீங்க பாருங்க, அதுலதான் எனக்கு வருத்தம்.

அந்த "நோ காஸ்ட் இஎம்ஐ" கணக்கை ஒரு தடவை பார்த்துடலாம். 12 மாசம், மாசம் 7,000. பேங்க் வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம்னு வெச்சுக்கங்க. அந்த 84,000க்குள்ள வட்டி மட்டும் சுமார் 6,400 ரூபாய் ஒளிஞ்சிருக்கு. அதை விக்கிறவங்க தள்ளுபடியா கழிச்சுக் குடுக்கறதாலதான் நமக்கு "நோ காஸ்ட்". ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதை நீங்கதான் கட்டணும். அதுவே 1,160 ரூபாய் கிட்ட. பிராசஸிங் ஃபீஸ் தனி. கையில காசு வெச்சுக்கிட்டுப் போனா அந்த ஆறாயிரத்துல ஒரு பங்கையாவது பேரம் பேசிக் குறைக்கலாம், அந்த வாய்ப்பும் போச்சு. இதெல்லாம் எதுக்கு? இன்னும் ஒரு நாள்கூட நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காத ஒரு விஷயத்துக்கு.

நான் சொல்ற வழி வேற. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். தறி இருக்கு இல்லையா, அதோட சட்டம் தாத்தா காலத்துதா இருக்கும். அதை யாரும் வருஷா வருஷம் மாத்தறதில்லை. அச்சும் விழுதும் நாடாவும் சரியா இருக்கணும், சேலை தரமா வர்றது அதுலதான். சைக்கிள்லயும் ஃபிரேம் பழசா இருக்கட்டும். சுத்தறது, பிடிக்கறது, உங்க உடம்புல படறது, இந்த மூணுக்கு மட்டும் புதுசா செலவு பண்ணுங்க.

பழசுன்னு சொன்ன உடனே அப்பாவோட ஹெர்குலிஸ் சைக்கிளைத் தூசி தட்டாதீங்க. அது அருமையான வண்டி. 1949ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ் நம்ம அம்பத்தூர்லயே பண்ணின வண்டி. ஒத்தை கியர்ல அப்படியே ஓட்டறதுன்னா ஓட்டுங்க. ஆனா அதுல கியர் மாட்டறேன்னு இறங்கினா காசு கரையும். பின் ஃபோர்க் இடைவெளி குறுகல், கியர் வீல் உள்ள போகாது, கம்பியை விரிக்கணும். கம்பி பிரேக்கைக் கழட்டணும். இரும்பு ரிம் மழையில நனைஞ்சா பிரேக் பிடிக்கறது சாமி கையில. ஒண்ணை மாத்தினா அது இன்னொண்ணை மாத்தச் சொல்லும். கடைசில புது சைக்கிள் விலை வந்துடும், அப்பா சைக்கிளும் போயிடும்.

தேட வேண்டியது, பத்துப் பதினைஞ்சு வருஷம் முன்னாடி வந்த 26 இன்ச் கியர் சைக்கிள். இரும்பு ஃபிரேம், முன்னாடி மூணு பல்சக்கரம், வி-பிரேக், முன் ஃபோர்க்ல ஸ்பிரிங் இல்லாதது. அபார்ட்மெண்ட் மாடிப்படிக்குக் கீழ நிறைய நிக்குது. பையன் காலேஜ் போயிட்டான், யாரும் தொடறதில்லை. ஆறாயிரத்துக்குள்ள கேட்டுப் பாருங்க. பின் வீல் அச்சுக்கிட்ட கேரியர் முடுக்க ஒரு சின்ன ஓட்டை இருக்கணும், அதைக் குனிஞ்சு பார்த்துட்டு விலை பேசுங்க. ஜாயிண்ட்டுக்கிட்ட பெயிண்ட் மயிரிழை மாதிரி வெடிச்சிருந்தா வேண்டாம், வந்துடுங்க.

ஏன் 26 இன்ச்? செய்யாறு, சேத்துப்பட்டு மாதிரி ஊர்ல ராத்திரி ஏழு மணிக்கு டியூப் போச்சுன்னா, தெருமுனைக் கடையில தொங்கறது 26 இன்ச் டியூப்தான். வேகமா போற ஒல்லி டயர் சைக்கிளுக்கு டியூப் வேணும்னா பெரிய ஊருக்குப் போகணும். அதோட வால்வும் ஒல்லி வால்வு, நம்ம பஞ்சர் கடை பம்ப் அதுல உக்காராது. மூணு பல்சக்கரமும் சும்மா இல்லை. முன்னாடி சின்ன சக்கரம் 24 பல், பின்னாடி பெருசு 28 பல்லுன்னா, நீங்க பெடலை ஒரு முழு சுத்து மிதிச்சாலும் வீல் ஒரு முழு சுத்து சுத்தாது. அவ்வளவு லேசா இருக்கும். ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவுல உங்களைக் காப்பாத்தப் போறது அதுதான், கார்பன் ஃபிரேம் இல்லை.

எடை அதிகம்னு சொல்வீங்க. விலை கூடின சைக்கிளைவிட ரெண்டு கிலோ கூட இருக்கும், ஒத்துக்கறேன். ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் எடுத்தாலே அந்த ரெண்டு கிலோ வந்துடுது. 1923ல பம்பாயில இருந்து கிளம்பி 1928ல உலகம் சுத்தித் திரும்பின ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பம்காரா மூணு பேரும் கார்பன் ஃபிரேமுக்காகக் காத்திருக்கலை.

இப்ப பின் வீல். தலைப்புலயே சொல்லிட்டேன், என் முழுக் கட்சியும் இதுதான். லோடு ஏத்தினா உங்க எடை, பை எடை எல்லாம் பெரும்பாலும் பின் வீல் மேலதான் உக்காரும். பழைய கியர் சைக்கிள்ல பல்சக்கரம் ஹப் மேல திருகி நிக்கும், பேரிங் உள்ள தள்ளி இருக்கும், லோடுல ஆக்சில் வளையும், ஒரு நாள் உடையும். அதனால 36 ஓட்டை, டபுள் வால் அலுமினிய ரிம், கேசட் ஹப், நல்ல போக்ஸ் கம்பி வாங்கி, கையால வீல் பின்னத் தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட குடுங்க. பழைய சைக்கிள் கடைகள்ல இன்னும் இருக்காங்க. கோட்டம் எடுக்கறதுல அவங்க கை தனி. பின் வீலும் கேசட்டும் சேர்த்து 4,500. டயர், டியூப், செயின், கேபிள், பிரேக் கட்டை, ஓவராயிலிங் கூலி எல்லாம் 4,200. கேரியரும் பையும் 3,300. சீட் 1,000. ஹெல்மெட்டும் பேட் வெச்ச ஷார்ட்ஸ் ரெண்டும் 4,400. லைட், பம்ப், டூல்ஸ் 3,000. சைக்கிளோட சேர்த்தா 26,400. பன்னெண்டால வகுத்தா மாசம் 2,200, வட்டி கிடையாது. முதல் மூணு மாசம் சேர்த்து சைக்கிளை எடுத்துடுங்க, மத்ததை ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டே ஓட்டுங்க. நாலாவது மாசமே இது நமக்கு ஒத்து வரலைன்னு தெரிஞ்சா உங்க நஷ்டம் ஆறாயிரத்தோட நின்னுடும், அதையும் வித்துடலாம். இஎம்ஐல இந்தக் கதவு கிடையாது. எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டு வாங்கறேன்னு சொல்றவங்க இந்தப் பக்கத்தை மூடிட்டு நம்ம பழைய வீடியோவைப் பாருங்க.

ஒரு சின்ன விஷயம்: 2025 செப்டம்பர் 22ல இருந்து சைக்கிளுக்கும் அதோட பார்ட்ஸுக்கும் ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதம் ஆயிடுச்சு. பழைய ரேட்ல பில் போட்டா கேளுங்க.

பைக்கு வெளிநாட்டுப் பிராண்ட் வேண்டாம். பைக் சீட் கவர் தைக்கிற கடையில தார்ப்பாய்த் துணி குடுத்து, கேரியர் அளவு காட்டி, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு தைக்கச் சொல்லுங்க. குதிகால் பையில இடிக்காம இருக்கணும், அதனால அளவு எடுக்கும்போது சைக்கிள்ல உக்காந்து மிதிச்சுக் காட்டுங்க. தையல் வழியா தண்ணி கசியத்தான் செய்யும், துணிமணியை உள்ள தடிமனான பிளாஸ்டிக் கவர்ல கட்டிடுங்க.

உடுப்புல ஒரே ஒரு இடத்துல கஞ்சத்தனம் கூடாது, அது பேட் வெச்ச ஷார்ட்ஸ். உள்ள ஜட்டி போடாம அதை மட்டும் போடணும். நிறைய பேருக்கு இது தெரியாம, ரெண்டும் போட்டுத் தொடை உரிஞ்சு, சைக்கிளே வேண்டாம்னு விட்டுடறாங்க. ரெண்டு வேணும், ஒண்ணு துவைச்சுக் காயும்போது இன்னொண்ணு. உராயற இடத்துல கொஞ்சம் தேங்காய் எண்ணெய். பெண்கள் பெண்களுக்குன்னு தைச்சதையே வாங்கணும், பேட் அமைப்பு வேற. மேல லூஸ் டிராக் பேண்ட், குர்த்தா எது வேணா போடலாம், துப்பட்டாவை மட்டும் பைக்குள்ள வெச்சிடுங்க. சட்டைக்கு, திருப்பூர்ல தைச்சு இங்க பிளாட்ஃபாரத்துல விக்கிற முழுக்கை பாலியெஸ்டர் டீ-ஷர்ட்டே போதும், பளிச்னு மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்க. காட்டன் முப்பது கிலோமீட்டர் வரைக்கும் சுகம், அதுக்கு மேல வேர்வையில ஊறிக் கனக்கும். பட்டு ஊர்ல உக்காந்துகிட்டு பட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேன்னா, அதைக் கல்யாணத்துக்கு வெச்சுக்கங்க.

ரெயின்கோட்டுக்கும் செலவு பண்ணாதீங்க. ஐப்பசி மழையில உள்ள வேர்வை, வெளிய மழை, ரெண்டும் ஒண்ணுதான். நனைஞ்சுட்டு, காஞ்ச துணி மாத்திக்கலாம். ஆனா ஒரு நாலு முழ வேட்டி கண்டிப்பா எடுங்க. துண்டு அதுதான், போர்வை அதுதான், வழியில கோயிலுக்குள்ள போகவும் அதுதான். ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். பேக்கிங் லிஸ்ட் போடறவங்க யாரும் ஏன் இதைச் சொல்றதில்லைன்னு எனக்குப் புரியலை.

ஹெல்மெட்ல இஎன் 1078னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, அது சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பிய தரம். பின்னாடி சிவப்பு லைட், முன்னாடி வெள்ளை லைட், ஒளி திருப்பற ஜாக்கெட், இதுல பேரமே கிடையாது. நீண்ட தூர சைக்கிள் ஓட்டம் நடத்தற ஆடாக்ஸ் இந்தியா ஆளுங்களும் இது இல்லாதவங்களை விடறதில்லை. அவங்க 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம் டைம் குடுப்பாங்க. கன்னியாகுமரிக்கு முன்னாடி அதை ஒரு தடவை முடிச்சுப் பாருங்க. சைக்கிளும் தெரியும், நீங்களும் தெரிவீங்க.

அதுக்கும் முன்னாடி, பெங்களூர் ஹைவே பக்கமே போகாம, கேரியர்ல பத்து கிலோ அரிசி கட்டி விடியற்காலை உத்திரமேரூர் போயிட்டு வாங்க. போக வர அறுபது கிலோமீட்டருக்குள்ளதான். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை வேட்டி கட்டிக்கிட்டு நின்னு பார்த்துட்டு, திரும்பி வந்த உடனே கேரியர் போல்ட் எல்லாம் தொட்டுப் பாருங்க, ஒண்ணாவது லூசாகியிருக்கும். இன்னொரு நாள் செவிலிமேடு பாலம் தாண்டி வந்தவாசி வரைக்கும். புதுசா பின்னின வீல்ல முதல் நூறு கிலோமீட்டர்ல கம்பிங்க தளரும், அதனால அதைத் திரும்ப அதே பெரியவர்கிட்ட கொண்டு போய் இழுத்துக் கட்டுங்க. கூடவே உதிரி போக்ஸ் கம்பி நாலு கேளுங்க. பின் வீல்ல பல்சக்கரப் பக்கத்துக் கம்பி நீளம் வேற, அந்தப் பக்கத்துக் கம்பி நீளம் வேற, ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு. ஃபிரேம்ல செயின் ஓடற கம்பியோட ஒட்டி வெச்சு டேப் சுத்திடுங்க.